பாகத்தை மாற்றும் முன் பழுதைத் தேடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். புதிய கார்களின் விலை, மாதத் தவணை, இருக்கைத் தோலின் நிறம் வரை விவரமாக வருகிறது. ஆனால் நம் பிள்ளைகள் உண்மையில் ஓட்டுகிற கார்கள், அதாவது கைமாறி வந்து, எஞ்சின் மாற்றி, டர்போ ஏற்றிய பழைய கார்கள், அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இடம்பெறுவதில்லை. அவை செய்திப் பக்கத்தில்தான் வருகின்றன, அதுவும் விபத்து நடந்த பிறகு. அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் நடத்துகிறேன். என் கார் 1997-ஆம் ஆண்டு புரோட்டான் புத்ரா, இரண்டு கதவு. பெரியப்பா மகன் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, 2016-இல், அவரிடமிருந்து வாங்கினேன். அதில் இருப்பது தொழிற்சாலை போட்ட எஞ்சின் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி அனுப்பிய பழைய காரிலிருந்து, எடுத்த மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் எஞ்சின்: 4ஜி93, 1.8 லிட்டர், டர்போ, 195 குதிரைத்திறன். புரோட்டானின் வீராவும் புத்ராவும் லான்சரிலிருந்து பிறந்தவை என்பதால் அந்த எஞ்சின் அதிகச் சிரமம் இல்லாமல் உட்கார்ந்துவிடும். அண்ணன் இதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, கிராண்டில், அதாவது காரின் பதிவுச் சான்றிதழில், புதிய எஞ்சின் எண்ணைப் பதிந்த பிறகுதான் சாலையில் ஓட்டினார்.

ஆசிரியைக்கு எதற்கு இந்தக் கார் என்று கேட்பவர்கள் உண்டு. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஒருமுறை என்னோடு வந்தால் புரியும். மற்ற கார்கள் மூச்சு வாங்குகிற இடத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல ஒரு வேகம் வரும். வேக வரம்பை மீற வேண்டிய தேவையே இல்லை. அதுதான் டர்போ. வெளியே போக வேண்டிய புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே போகும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

2019 மார்ச்சில் தொல்லை தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கார் திடீரென்று திணறும். சமிக்ஞை விளக்கில் நின்றால் எஞ்சின் சுற்று ஏறி இறங்கி, அப்படியே அணைந்துவிடும். சில நாள் ஒன்றுமே நடக்காது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு ஒரு நொடி எரிந்து மறையும்.

எங்கள் வட்டாரத்தில் டர்போ கார்களுக்குப் பெயர்போன ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த ஃபோர்மன், அதாவது மெக்கானிக், நல்லவர்தான், உழைப்பாளி. பானட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டீச்சர், இது பிளக்தான்" என்றார். பிளக், ஒயர், காயில் மூன்றும் மாற்றினோம்: 620 ரிங்கிட். நான்கு நாள் நன்றாக ஓடியது. அடுத்து எரிபொருள் பம்ப், 480. அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கழுவ 240.

அந்தக் காலத்து மிட்சுபிஷி கார்களில் பழுதின் எண்ணைப் படிக்கத் தனிக் கணினி வேண்டாம். பழுது சோதிக்கும் இணைப்பியின் முதல் முனையைக் கார் உடலோடு ஒரு ஒயரால் இணைத்தால், எஞ்சின் விளக்கு மினுக்கிக் காட்டும். நீண்ட மினுக்கல் பத்து, குறுகிய மினுக்கல் ஒன்று. என் காரில் ஒரு நீளம், இரண்டு குறுகல் வந்தது. 12. அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றளவு உணரி. "பார்த்தீங்களா டீச்சர்" என்று ஃபோர்மன் சந்தோஷப்பட்டார், எனக்கும் நிம்மதி. ஹாஃப்கட் கடையிலிருந்து பழைய உணரி ஒன்று, 350. மூன்று வாரத்தில் மறுபடியும் அதே 12. "அதுவும் கெட்டுப்போனதா இருக்கும்" என்று இன்னொன்று, 400. பிறகு புகை லேசாக நீலமாக இருக்கிறது என்று சொல்லி டர்போவையே கழற்றிப் புதுப்பித்தார்கள், 1,900. கூலி எல்லாம் சேர்த்து 1,150. மொத்தம் 5,140 ரிங்கிட். ஆசிரியைச் சம்பளத்தில், வீட்டுக் கடனுக்கு நடுவில், பத்து மாதத்தில் கொடுத்தது. கார் அப்படியேதான் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அந்த 12 என்ற எண் "உணரி கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "உணரியிலிருந்து எனக்கு வர வேண்டிய செய்தி சரியாக வரவில்லை" என்று சொல்கிறது. செய்தி அனுப்புகிற உணரி கெட்டிருக்கலாம், நடுவில் ஒயர் அறுந்திருக்கலாம், செய்தியைப் படிக்கிற கணினியே பழுதாகியிருக்கலாம். எண் காட்டுவது சுற்று முழுவதையும். நாங்கள் அதில் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு முறை பணம் கொடுத்தோம்.

2020 ஜனவரியில் ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டை எடுத்து, கார் திணறும் ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், எவ்வளவு தூரம் ஓடியிருந்தது என்று எழுத ஆரம்பித்தேன். மார்ச் 18-இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் வாசலில் நின்றது. நானும் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் அந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன்.

நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று ஒரு பகுதி உண்டு. உற்றறிதல், அளவெடுத்தல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அவரை விதையையும் பஞ்சையும் வைத்து இதை நடத்துகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும், மற்றவற்றைத் தொடக்கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பிளக், ஒயர், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் நான்கு நாள் சரியானது என்று எப்படித் தெரியும்? என் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். பட்டறையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் காற்றுக் கசிவைச் சோதித்தேன். குழாய்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, உணரியைக் கழற்றிவிட்டு, டர்போவின் காற்று நுழையும் வாயில் அந்த மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பால் ஒரு பார் அழுத்தம் வரை மெதுவாக ஏற்றினேன். அதற்கு மேலே போகக்கூடாது. மூடிக்கு எதிரே முகத்தை வைக்கவும் கூடாது, தெறித்தால் ஆபத்து. சவர்க்கார நீரைத் தெளித்துக்கொண்டே வந்தபோது இரண்டு இடத்தில் நுரை பொங்கியது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர்க் குழாய் இணைப்பில் ஒன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடும் திராட்டில் தண்டின் ஓரத்தில் இன்னொன்று.

இந்தக் கசிவு ஏன் முக்கியம் என்றால், இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் உணரி டர்போவுக்கு முன்னால், காற்று வடிகட்டிப் பெட்டியில் இருக்கிறது. அங்கே அளந்த காற்றுக்கு ஏற்பக் கணினி பெட்ரோல் தெளிக்கும். வழியில் கொஞ்சம் காற்று ஓடிப்போனது அதற்குத் தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழும். பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், முடுக்கினால் திணறும். 6 ரிங்கிட் கிளிப் போட்டதும் குழாய்க் கசிவு நின்றது. காரில் பாதித் தொல்லை அதோடு தீர்ந்தது. டர்போவைக் கழற்றி 1,900 ரிங்கிட் வாங்கியபோது இந்தக் குழாயையும் கழற்றித்தானே மாட்டியிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மீதிப் பாதிக்குக் குறிப்பேடு வழி காட்டியது. காலை ஏழு மணிக்குள் ஓட்டிய நாட்களில் ஒருமுறைகூடத் திணறல் இல்லை. மதியம் பள்ளி முடிந்து கிளம்பும்போது, நுழைவாயிலைத் தாண்டுவதற்குள்ளேயே திணறல். எஞ்சின் சூடானால்தான் பழுது வருகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் மதியம் நான் காரை எடுக்கும்போது எஞ்சின் ஆறு மணி நேரமாக ஓடாமல் குளிர்ந்திருந்தது. வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது காரின் உட்புறம்தான். அப்படியானால் பழுது பானட்டுக்கு அடியில் இல்லை, நான் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அந்த உணரியின் செய்தியைப் படிக்கும் பாகம் உட்புறத்தில் ஒன்றே ஒன்று: பக்கத்து இருக்கையின் காலடியில், கார்பெட்டுக்குக் கீழே பொருத்தியிருந்த எஞ்சின் கணினி.

மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஓர் அங்கிளிடம் போனேன். வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கார் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொன்னார். அலுமினியப் பெட்டியைத் திறந்ததும் பலகையை முகத்தருகே கொண்டு போனார். "மோந்து பாருங்க டீச்சர், கருவாட்டு வாடை வருதா?" வந்தது. சிறு உருளை போன்ற கெப்பாசிட்டர்களின் அடியில் பச்சையாகப் பாசி படர்ந்தது போல இருந்தது. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்குமாம். இருபது, இருபத்தைந்து ஆண்டில் அது கசிந்து, பலகையில் உள்ள மெல்லிய செம்புத் தடங்களை அரித்து, போகக்கூடாத இடத்துக்கு மின்சாரத்தைக் கடத்திவிடும். அந்தக் காலத்து மிட்சுபிஷி கணினிகளுக்கு இது ஊரறிந்த நோய் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான்கு கெப்பாசிட்டர்கள், விலை 10 ரிங்கிட்டுக்கும் குறைவு. 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்துப் போட்டார். அரித்துப்போன தடத்துக்கு முடி போன்ற ஒயர் வைத்துச் சூட்டுக்கோலால் ஒட்டினார். 80 ரிங்கிட் வாங்கிக்கொண்டார், அதற்கும் நான் வற்புறுத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அந்த 12 வரவில்லை.

என் கதை மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான், இப்போது 22 வயது. அதே ஜிஎஸ்ஆர் எஞ்சின் போட்ட வீரா. கியர் மாற்றும்போதெல்லாம் கார் குலுங்கி, புகைக்குழாயில் டப் டப்பென்று வெடிக்கிறது. அவனையும் இன்ஜெக்டர், பம்ப் என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நான் பானட்டைத் திறந்து பார்த்தேன். காற்றை வெளியே "ஷ்ஷ்" என்று விடும் பிளோ-ஆஃப் வால்வு பளபளவென்று இருந்தது. "டீச்சர், அந்தச் சத்தத்துக்காகத்தானே டர்போ காரே வாங்கினேன்" என்றான். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஏற்கெனவே அளந்து கணக்கில் எழுதிய காற்று. அதை வானத்தில் விட்டால், மேலே சொன்ன அதே கசிவுதான், கியருக்குக் கியர் நடக்கிறது. காற்றின் அளவுக்குப் பதிலாக, காற்று நுழையும் குழாயின் உள்ளழுத்தத்தை அளந்து ஓடும் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் நண்பன் காரில் சரியாக இருக்கிறது, என் காரில் இல்லை என்று பையன்கள் குழம்புகிறார்கள். வால்வின் வாயை ஒரு குழாயால் மறுபடியும் டர்போவுக்கு முன்னால், உணரிக்குப் பிறகு, இணைத்தோம். அன்று மாலையே குலுக்கல் போயிற்று.

அவன் அடுத்து டர்போ அழுத்தத்தைக் கூட்டும் கருவி வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தான். 0.7 பாரிலிருந்து 1.1-க்குப் போக ஆசை. நான் டயரைப் பார்த்தேன். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் 2313. 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் கல்லாகிவிட்டது. முன் பிரேக் தட்டுகளில் விரல் வைத்தால் விளிம்பு தடுக்கியது, அவ்வளவு தேய்ந்திருந்தன. 195 குதிரைத்திறனை நிறுத்த வேண்டியவை அவை. பெட்ரோலோ ஆக்டேன் குறைந்த ரோன்95. ஜப்பான்காரர்கள் இந்த எஞ்சினை உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக, அதாவது எளிதில் தானாக வெடிக்காத பெட்ரோலுக்காக, செய்தார்கள். நம்முடைய 33 டிகிரி வெயிலில் அழுத்தத்தை ஏற்றினால் உள்ளே போகும் காற்று இன்னும் கொதிக்கும். தீப்பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். கிண்கிண்ணென்ற சத்தம் கேட்பதற்குள் பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவே உள்ள மேடு உடைந்திருக்கும். ரோன்95 லிட்டர் 2.05 ரிங்கிட்டாக இருந்த காலத்திலும் நான் ரோன்97-தான் ஊற்றினேன். இதையெல்லாம் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பணத்தில் டயரும் பிரேக்கும் வாங்கினான். அழுத்தம் இன்னும் 0.7-தான்.

பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் பிடிபட வேண்டும். ஆனால் எஞ்சின் மாற்றிய கார் என்றாலே குற்றம் என்று பேசினால், ஒழுங்காகப் பதிந்து ஓட்டுகிறவனும் ஒளிந்துதான் பழுதுபார்ப்பான். ஒளிந்து செய்யும் வேலையில் தவறு நடந்தால் சுட்டிக்காட்ட ஆள் இருக்க மாட்டார்கள். 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டான் பெர்ட் காரில் உலகத் தயாரிப்புக் கார் ரேலி வாகையர் பட்டம் வென்றார். அதுவும் மிட்சுபிஷி டர்போ எஞ்சின் குடும்பம்தான். அவருடைய வேகத்தைப் பேசுகிற பிள்ளைகளிடம், ரேலி நடுவே பழுதுபார்க்கும் கூடாரத்தில் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதையும் சொல்கிறேன். ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். வாகனப் பக்கத்தில் வாரம் ஒரு கால்பத்தி இடம் கொடுங்கள். ஒரு பழுது, அதைச் சோதிக்கும் முறை, அதற்கு வேண்டிய கருவி, அவ்வளவு போதும். நம் பட்டறைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் செவிவழியாகவே தொழிலைக் கற்கிறார்கள். கை திறமையாக இருக்கிறது. ஏன் இப்படி நடக்கிறது என்பதை அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தவர் இல்லை. தொழிற்கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்டால் எழுதித் தருவார்கள். மூத்த ஃபோர்மன்களிடம் பேட்டி எடுத்தாலும் போதும். எத்தனையோ ஆண்டு அனுபவம் எழுத்தில் வராமல் போய்க்கொண்டிருக்கிறது.

முதல் வாரத்துக்குக் கசிவுச் சோதனையை நானே எழுதித் தருகிறேன். மூடி செய்யும் அளவு, வால்வு பொருத்தும் விதம் எல்லாம் படத்தோடு இருக்கிறது. என் குறிப்பேட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள பதினோரு பக்கங்களையும் நகல் எடுத்து அனுப்புகிறேன். "மதியம், எஞ்சின் குளிர்ச்சி, கார் உள்ளே கொதிப்பு" என்று சிவப்பு மையில் வட்டமிட்ட வரி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
கிள்ளான், சிலாங்கூர்.